ஜூலை முதலாம் திகதிக்குப் பிறகு யார் பிணை நிற்பது?

"அண்ணே, அமெரிக்காவில படிக்கிற பிள்ளைகளுக்குக் கடன் குடுக்கிறத நிப்பாட்டப் போறாங்களாமே, உண்மையா?"

கடைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நாளாக இதைத்தான் கேட்கிறார்கள். யாரோ யூடியூபில் பெரிய தலைப்புப் போட்டு ஒரு வீடியோ விட்டிருக்கிறார்கள். அது வட்ஸ்அப் குரூப் குரூப்பாகச் சுற்றி டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் போய்விட்டது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நான் நடத்துவது சின்னக் கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், கிரீன் கார்ட் லொட்டரி நிரப்புவது, பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பது எல்லாம் இங்கே நடக்கும். அதனால் இந்தக் கேள்வியும் என்னிடம்தான் வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அக்கா குடும்பம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அத்தானுக்கு கிரீன் கார்ட் லொட்டரி விழுந்து, பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னவர்களாக இருக்கும்போதே போனார்கள். அக்காவின் மூத்த மகள், என் மருமகள், அங்கே தாதியாக வேலை செய்கிறாள். மேலே படிக்கப் போகிறாள். மாணவர் கடனை மாற்றுகிற அமெரிக்காவின் புதிய சட்டம் அவளுக்கு நேரடியாக இடிக்கிறது. ஆகவே உட்கார்ந்து விசயத்தைப் படித்தேன். படித்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எழுத ஆரம்பித்தால் அது நம் ஊர்க் கதையில் வந்துதான் நிற்கிறது.

முதலில் நேரான பதில்: நிறுத்தவில்லை. அமெரிக்க மத்திய அரசாங்கம் மாணவர்களுக்குக் கடன் கொடுப்பது தொடரும். ஆனால் யாருக்கு, எவ்வளவு என்பது மாறுகிறது. ஜனாதிபதி டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட பெரிய வரவுசெலவுச் சட்டத்தில் இந்த மாற்றங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன.

முதல் பட்டம் படிக்கிற பிள்ளை தன் பெயரில் எடுக்கிற கடனின் உச்சவரம்பு மாறவில்லை. பெற்றோரின் ஆதரவில் இருக்கிற பிள்ளை என்றால் முதல் வருடம் 5,500 டொலர், இரண்டாம் வருடம் 6,500, அதற்குப் பிறகு வருடத்துக்கு 7,500. மொத்தம் 31,000 டொலருக்கு மேல் போக முடியாது. பல வருடமாக இதே கணக்குத்தான், இனியும் இதுதான். ஆகவே அங்கே கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளின் படிப்பெல்லாம் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

மாற்றம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, முதல் பட்டம் முடித்து மேலே படிப்பவர்கள். இரண்டு, பிள்ளைக்காகக் கடன் எடுக்கும் பெற்றோர்.

மேல்படிப்புக்கு அங்கே கிராட் பிளஸ் என்று ஒரு கடன் 2006 முதல் இருந்து வந்தது. சாதாரண மாணவர் கடன் போதாவிட்டால், படிப்புக்கு ஆகும் முழுச் செலவு வரைக்கும் அதில் எடுக்கலாம். கட்டணம், வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. முதுமாணி, கலாநிதி படிப்பவர்கள் வருடத்துக்கு 20,500 டொலர், மொத்தமாக 100,000 டொலர் வரைக்கும்தான் எடுக்கலாம். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்சார் பட்டங்களுக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000. அதற்கும் மேலே, ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் மாணவராக எடுக்கும் மத்திய அரசாங்கக் கடனுக்கு 257,500 டொலர் என்று ஒரு வரம்பு. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 20,500 டொலர் என்பது 61 இலட்சத்துக்கு மேல். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அங்குள்ள கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு சின்னது என்று விளங்கும்.

மருமகள் சேர இருப்பது நேர்ஸ் பிரக்டிஷனர் முதுமாணிப் படிப்பு. அது முடித்தால் நோயாளியைத் தானே பரிசோதிக்கலாம், மருந்து எழுதலாம். கட்டணமும் மற்றச் செலவும் சேர்த்து வருடத்துக்கு 45,000 டொலர் என்று அவளுடைய கல்லூரி கணக்குக் கொடுத்திருக்கிறது. அரசாங்கம் 20,500 கொடுக்கும். மிச்சம் 24,500. போன வருடம் சேர்ந்திருந்தால் அந்த மிச்சத்தை கிராட் பிளஸ் தாங்கியிருக்கும்.

"மாமா, நேர்சிங்கை அந்த ஐம்பதாயிரம் லிஸ்ட்ல சேர்க்கலையாம்" என்று அவள் போனில் சொன்னபோது குரல் அடைத்திருந்தது. அங்கே இரவு பன்னிரண்டு தாண்டியிருக்கும். வோர்ட் டியூட்டி முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் எடுத்திருந்தாள்.

அவள் சொன்னது சரிதான். எந்தப் படிப்பெல்லாம் தொழில்சார் பட்டம் என்று முடிவு செய்ய அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஒரு குழுவை அமைத்திருந்தது. அந்தக் குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட வரைவில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தகவியல், சட்டம், கால்நடை மருத்துவம், கண் பரிசோதனை, சமயக் கல்வி, மருத்துவ உளவியல் போன்றவை இருக்கின்றன. தாதியர் மேல்படிப்பு இல்லை. அமெரிக்கத் தாதியர் சங்கங்கள் இதை எதிர்த்துக் கடுமையாகக் குரல் கொடுத்தன. எனக்கும் இது பொறுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், டொக்டர் என்பவர் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர். நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தாலும், மலையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக் கொண்டாலும், முதலில் கை வைத்துப் பார்ப்பது மருத்துவ மாதும் மிஸ்மார் என்கிற தாதியரும்தான். அந்த வேலையில் இன்னும் ஒரு படி மேலே போக நினைக்கிற பிள்ளைக்கு, படிப்பின் தரத்தைப் பார்க்காமல் ஒரு பட்டியலைப் பார்த்து 20,500 என்று நிறுத்துவது எப்படி நியாயம் ஆகும்?

வேலையை விடாமல் பாதி நேரம் படிக்கலாம் என்பது அவளுடைய முதல் யோசனை. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இதுவரை குறைந்தது அரை நேர மாணவராக இருந்தாலே வருடத்துக்குரிய முழுக் கடன் வரம்பும் கிடைத்தது. புதிய சட்டப்படி, முழு நேரத்துக்குக் குறைவாகப் படித்தால் அந்த அளவுக்குக் கடனும் குறையும். பாதிப் பாடம் எடுத்தால் உத்தேசமாகப் பாதிக் கடன். கடன் அதிகம் வாங்கக் கூடாது என்று வேலையும் செய்துகொண்டு படிக்கிற பிள்ளைதான் இதில் மாட்டுகிறது.

மருமகளின் தம்பி சின்னவன் கதை வேறு. அவன் மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் இரண்டாம் வருடம். அத்தான் அவனுக்காகப் பேரன்ட் பிளஸ் என்ற பெற்றோர் கடன் எடுத்திருக்கிறார். இதற்கும் இதுவரை முழுச் செலவு மட்டும்தான் எல்லை. இனி ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 டொலர். ஆனால் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். 2026 ஜூன் 30இல் ஒரு படிப்பில் சேர்ந்திருந்து, அந்தப் படிப்புக்காக ஏற்கெனவே மத்திய அரசாங்கக் கடன் எடுத்திருந்தால், பழைய வரம்பு தொடரும். அதுவும் மூன்று கல்வி ஆண்டு அல்லது படிப்பு முடிய மிச்சமிருக்கும் காலம், இதில் எது குறைவோ அதுவரைக்கும். சின்னவன் இதற்குள் வருகிறான். அமெரிக்காவில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது அவர்களிடம் சொல்லுங்கள். படிப்பை இடையில் விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாற நினைக்கிற பிள்ளை, மாறுவதற்கு முன் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாறட்டும். இந்தச் சலுகை ஆளுக்குக் கொடுத்ததல்ல, அவர் படிக்கிற அந்தப் படிப்புக்குக் கொடுத்தது.

திருப்பிக் கட்டுவதிலும் மாற்றம் உண்டு. ஜூலை 1க்குப் பிறகு புதிதாக எடுக்கும் மாணவருக்கு இரண்டு வழிதான். ஒன்று, கடன் தொகையைப் பொறுத்து 10 முதல் 25 வருடம் வரை நிலையான தவணை. மற்றது வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் என்று கட்டுவது. அதை 30 வருடம் கட்டி முடித்தால் மிச்சம் தள்ளுபடி. முன்பு இருந்த திட்டங்களில் 20, 25 வருடத்தில் தள்ளுபடி கிடைத்தது. பெற்றோர் புதிதாக எடுக்கும் கடனுக்கு அந்த வருமான வழியும் கிடையாது, நிலையான தவணை மட்டும்தான்.

சரி, இப்படி ஏன் செய்தார்கள்? அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எவ்வளவு கேட்டாலும் அரசாங்கம் கடன் கொடுக்கும் என்று தெரிந்ததால்தான் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போயின, கடனுக்கு எல்லை வைத்தால் கட்டணம் இறங்கும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு இலட்சம், ஒன்றரை இலட்சம் டொலர் கடனோடு முதுமாணி முடித்து, அந்தக் கடனைக் கட்டுவதற்கே வாழ்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கட்டணம் குறைந்தால் எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் கல்லூரி கட்டணத்தைக் குறைக்க எத்தனை வருடம் எடுக்கும்? குறைக்காமலே போனால்? இந்த வருடம் சேர வேண்டிய பிள்ளை அதுவரை என்ன செய்யும்?

என்ன செய்யும் என்பதற்குப் பதில் அக்காவின் வாயில் வந்தது. தனியார் கடன். அங்கே வங்கிகளும் கடன் நிறுவனங்களும் மாணவர்களுக்குத் தனியாகக் கடன் கொடுக்கின்றன. அதற்கு முதலில் கடன் வரலாறு பார்ப்பார்கள். நல்ல கடன் புள்ளி இல்லாத இளம் பிள்ளை என்றால் கூடவே இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை கட்டத் தவறினால் அவர் கட்ட வேண்டும். நம் பாஷையில் பிணையாளி.

"தம்பி, அத்தானுக்கு வீட்டு லோன் இருக்கு, சின்னவன் லோன் இருக்கு. அவரு கையெழுத்துப் போட்டா செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த ஊர்ல நான் யாரப் போய்ப் பிணைக்குக் கேக்கிறது?"

அக்கா இதைச் சொன்ன பிறகுதான் இந்தச் சட்டம் எனக்கு முழுதாக விளங்கியது. மத்திய அரசாங்கத்தின் மாணவர் கடனில் என்ன சிறப்பு என்றால், அது பிள்ளையிடம் உன் அப்பா யார், உனக்கு யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்பதில்லை. பிரஜையா, நிரந்தர வதிவிடம் இருக்கிறதா, படிப்பில் சேர்ந்திருக்கிறாயா என்று பார்த்துக் கொடுக்கும். கிராட் பிளஸில் மோசமான கடன் வரலாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். வட்டி ஒன்றும் குறைச்சல் இல்லை. 2025-26ஆம் கல்வி ஆண்டில் மேல்படிப்புக் கடனுக்கு 7.94 சதவீதம், பிளஸ் கடன்களுக்கு 8.94 சதவீதம். பெரிய வருமானமும் நல்ல கடன் புள்ளியும் உள்ள குடும்பத்துக்குத் தனியார் கடன் இதைவிட மலிவாகக்கூடக் கிடைக்கலாம். வசதியில்லாத பிள்ளைக்குத்தான் அரசாங்கக் கடன் உயிர். அந்தக் கடனைச் சுருக்கினால், யார் வீட்டில் பிணை நிற்க ஆள் இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளை படிக்கும். மற்றப் பிள்ளை ஆள் தேடி அலையும்.

அலைவது எப்படி என்று மலையகத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

நம் நாட்டில் 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள், அரசாங்கம் அங்கீகரித்த தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம். ஆரம்பித்தபோது கட்டணத்துக்கு 8 இலட்சம் வரை, செலவுக்கு வருடத்துக்கு 75,000 ரூபா என்று கொடுத்தார்கள். வட்டியை அரசாங்கம் கட்டும். படிப்பு முடிந்து கொஞ்ச கால அவகாசத்துக்குப் பிறகு பிள்ளை முதலைத் திருப்பிக் கட்ட வேண்டும். நல்ல திட்டம். மனதாரச் சொல்கிறேன். இந்தக் கடனால் படித்து இன்று கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவனே நான்தான். ஆனால் பெயர்ப் பட்டியலில் தெரிவானதும் வங்கிக்குப் போக வேண்டும். வங்கி பிணையாளி கேட்கும். அங்கேதான் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. உயிரியல் பிரிவு, மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கொஞ்சத்தில் தப்பிவிட்டது. கடனுக்குத் தெரிவாகிவிட்டாள். ஒரு காலை அம்மாவும் மகளுமாகக் கடைக்கு வந்தார்கள். அம்மா அன்று பேர் போடாமல் வந்திருந்தார், அதாவது அன்றைய சம்பளம் இல்லை. வங்கிக்குக் கொடுக்க அம்மாவின் சம்பளச் சிலிப்புகளைக் கொப்பி எடுக்க வேண்டும். கண்ணாடி மேசையில் அவற்றை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். மழையில் நனைந்து காய்ந்த கடதாசி, மடிப்பில் கிழிந்திருந்தது. மேல் பாதியில் வேலை செய்த நாளும் கொழுந்து கிலோவும். கீழ்ப் பாதி முழுக்கக் கழிவு: சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், கோயில், மரண உதவிச் சங்கம், வீட்டுக் கடன். கடைசி வரியில் கைக்கு வந்த தொகையைப் பார்த்து அந்தப் பிள்ளை சிலிப்பைத் திருப்பி வைத்தது. அந்தக் கடைசி வரியைத்தான் வங்கி முதலில் பார்க்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அம்மாவின் சம்பளம் பிணைக்குப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்க உத்தியோகம் உள்ள ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அரசாங்க உத்தியோகம் யாருக்கு இருக்கிறது? தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்கள்தான் ஒரே நம்பிக்கை. அவர்களில் ஒருவர் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு மேல் வங்கி ஏற்காது. இன்னொருவருக்குச் சொந்தக் கடனே கழுத்து வரை. வீட்டை ஈடு வைக்கலாமா என்றால் லயத்துக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் ஏது? இருநூறு வருடமாகக் குடியிருக்கிறோம், காணி கம்பனியின் கையில். சில தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான். எல்லோருக்கும் அது வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் அக்கா கேட்டதும் இங்கே இந்த அம்மா கேட்டதும் ஒரே கேள்வி. அங்கே டொலரில், இங்கே ரூபாவில். பிள்ளைக்குப் படிப்பு இருக்கிறது, தகுதி இருக்கிறது, அரசாங்கமே தெரிவு செய்து பட்டியலும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் குடும்பத்துக்குத் தெரிந்தவர் யார் என்பதில் போய் எல்லாம் முடிகிறது. ஏழைக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்களும் ஏழைகளாகத்தான் இருப்பார்கள்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஓய்வுபெறப் போகும் நிலையில் இருந்த ஓர் அதிபரிடம் போனார்கள், ஓய்வுக்கு வருடம் போதாது என்று வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நோர்வூட்டில் இருந்து ஒரு தபால் உத்தியோகத்தர் வந்து கையெழுத்துப் போட்டார். சொந்தக்காரர் இல்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவோடு சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம், அவ்வளவுதான். பிள்ளை இப்போது மூன்றாம் வருடம்.

எல்லோருக்கும் இப்படி ஒருவர் வந்து நிற்பதில்லை. பிணை கிடைக்காத வீட்டுக்கு வேறு ஒருவர் வருவார், மோட்டார் சைக்கிளில், ஃபைலோடு. குழுக் கடன். சொத்து வேண்டாம், சம்பளச் சிலிப் வேண்டாம், நாலைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்றால் போதும். வாரா வாரம் தவணை. மகளின் கொம்பியூட்டர் வகுப்புக்கு என்று எடுத்து, அதைக் கட்ட இன்னொன்று எடுத்து, தோட்டைக் கழற்றி அடகு வைத்து, கடைசியில் தவணை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் கையை இழுத்துக் கொள்கிற இடத்துக்கு இப்படித்தான் வேறு கடன் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் அது நல்ல இணையத்தளத்தோடும் சிரித்த முகப் படத்தோடும் வரும். இருந்தாலும் வருமானம் குறைந்தால் தவணையும் குறையும் என்ற பாதுகாப்பு அதில் இல்லை. மருமகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: முதலில் அரசாங்கம் தருவதை முழுதாக எடு, மிச்சத்துக்குத் தனியாரிடம் போவதற்கு முன் கல்லூரியில் உதவித்தொகை கேள், நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரி படிப்புச் செலவில் ஒரு பங்கு தருமா என்று கேள். அங்கே பல ஆஸ்பத்திரிகள் அப்படித் தருகின்றன. பதிலுக்கு இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய் என்பார்கள். தனியார் கடனுக்கு அது எவ்வளவோ மேல். கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை.

இனி இங்கிருந்து அமெரிக்கா போய்ப் படிக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. "போனால் அங்கேயே கவர்ன்மென்ட் லோன் எடுக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னதாக ஒரு தம்பி வந்து என்னிடம் சொன்னார். அது பொய். மாணவர் விசாவில் போகிறவருக்கு மத்திய அரசாங்கக் கடன் முன்பும் கிடையாது, இனியும் கிடையாது. பிரஜைகள், கிரீன் கார்ட் உள்ளவர்கள், இன்னும் சில வகையினர் மட்டும்தான் எடுக்கலாம். விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் கொடுப்பதற்கே முதல் வருடச் செலவுக்கு உங்களிடம் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இருக்கிற ஒரே நல்ல வழி, பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளி மாதச் சம்பளமும் கொடுக்கிற ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் இடங்கள். அவை பெரும்பாலும் கலாநிதிப் படிப்புக்குத்தான் கிடைக்கும், அதற்கு நல்ல பெறுபேறு வேண்டும். ஏஜென்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அரச பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது நம் நாட்டில் பெரிய விசயம், அமெரிக்கச் சட்டத்தைப் படித்தபோது அதன் அருமை இன்னும் தெரிந்தது. செலவுக்கு மஹாபொல இருக்கிறது. 1981 முதல் நடந்து வரும் அந்தப் புலமைப்பரிசிலை 2025 பட்ஜெட்டில் மாதம் 5,000இல் இருந்து 7,500 ரூபாவாகக் கூட்டினார்கள். நிதியுதவி பெறுபவர்களுக்கு 4,000 என்பது 6,500 ஆனது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாக 1947இல் தொடங்கிய கல்வி நிதியத்தின் புலமைப்பரிசிலும் இருக்கிறது, உயர்தரத்துக்கும் உண்டு, பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. இவை ஒன்றுக்கும் பிணையாளி வேண்டாம். இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் பெற்றோர் வேலை செய்வதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் எடுக்கப் போய், இரண்டு முறை அலைக்கழித்ததும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அடுத்த விண்ணப்பம் கோரும்போது அந்தக் கடிதத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக, உத்தியோகத்தில் இருக்கிற நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியர், கிராம சேவகர், அபிவிருத்தி உத்தியோகத்தர், வங்கியிலும் தபால் திணைக்களத்திலும் இருப்பவர்கள் என்று மலையகத்தில் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன் இது கிடையாது. பிணைக் கையெழுத்துப் போடப் பயமாக இருக்கும், அந்தப் பயம் எனக்கு விளங்கும். கட்டாமல் ஓடிப்போன ஒருவனால் சம்பளத்தில் வெட்டு வாங்கியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே யாரையும் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லவில்லை. பிள்ளையைப் பாருங்கள், குடும்பத்தைப் பாருங்கள், படிப்பைப் பற்றிக் கேளுங்கள், கடன் பத்திரத்தை வாசியுங்கள். மனதுக்குப் பிடித்தால் ஒரு பிள்ளைக்கு மட்டும் நில்லுங்கள். வட்டியில்லாக் கடனுக்கு அடுத்த தெரிவுப் பட்டியல் வரும்போது, பிணை தேடி அலைகிற பிள்ளைகள் வழக்கம்போல என் கடைக்குத்தான் முதலில் வருவார்கள். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் உங்கள் பெயரையும் எந்தத் திணைக்களம் என்பதையும் கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறேன். பிள்ளையையும் பெற்றோரையும் உங்களிடம் நேரில் கூட்டி வந்து பேச வைப்பது என் பொறுப்பு.